ஏழாம் அத்தியாயம்: அயல்நாட்டு மகாநாடுகளும் சட்ட நூலகரின் பரஸ்பர உதவியும்

சட்ட நூல்நிலையம் ஒன்றின் பொறுப்பை ஏற்றிருப்பவர், தம்முடைய அலமாரிகளில் அடுக்கியுள்ள நூல்களைக் கொண்டே தம்மை நாடி வருவோரின் கேள்விகள் அனைத்துக்கும் விடை கண்டுவிடலாம் என்று எண்ணியிருப்பாராயின், அந்த எண்ணம் நெடுநாள் நிலைப்பதற்கில்லை. சட்டமானது தேசத்துக்குத் தேசம், ஏன், நம் நாட்டிலே மாநிலத்துக்கு மாநிலம்கூட, மாறுபடும் ஸ்வபாவம் உடையது. ஆனால் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டு வாழ்கிற மனிதர்களும், அவர்களுடைய விவாகமும் சொத்தும் வியாபாரமும், அந்த எல்லைகளுக்குள் அடங்கி நிற்பதில்லை. சட்டமேகூடக் கடல் கடந்து பிரயாணம் செய்திருக்கிறது. இந்திய நீதிமன்றங்களின் மேல்முறையீடுகள் 1949 வரையிலும், இலங்கையின் மேல்முறையீடுகள் 1971 வரையிலும் இலண்டன் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றன. ஆகையால் நம்முடைய பழைய ஜமீன் வியாஜ்யம் ஒன்றின் அச்சிட்ட ஆவணக் கட்டைத் தேடுகிறவர், பல சமயங்களில் இலண்டன் நூல்நிலையங்களின் கதவைத் தட்டவேண்டியவராகிறார். டச்சுக்காரர் விட்டுச்சென்ற ரோமன்-டச்சுச் சட்டம் இலங்கையிலும் தென்னாப்பிரிக்காவிலும் இன்றும் உயிரோடிருப்பதால், கொழும்பில் எழும் ஒரு சட்டப் பிரச்சினைக்குத் தென்னாப்பிரிக்கத் தீர்ப்புத் திரட்டு ஒன்று துணை நிற்பது அதிசயமன்று.

எல்லா நாட்டுச் சட்டத்தையும் வாங்கிச் சேர்த்து வைக்கும் சக்தி எந்த நூல்நிலையத்துக்கும் இல்லை. 1832இல் அமைக்கப்பட்டு, உலகிலேயே மிகப் பெரியது என்று பெயர்பெற்ற வாஷிங்டன் காங்கிரஸ் சட்ட நூல்நிலையமும் தனக்குக் கிட்டாத அரசிதழ்களைப் பிறரிடம் கேட்டே பெறவேண்டியிருக்கிறது. இந்த நிலையில், அயல்நாட்டுச் சகபாடிகளோடு அறிமுகமும் ஒத்துழைப்பும் கொள்வது சட்ட நூலகருக்கு அன்றாடத் தொழிலின் ஓர் அங்கமாகும். அதற்கு வழிசெய்யும் சாதனங்களில் மகாநாடு ஒன்று. ஆனால் அது ஒன்றே சாதனம் அன்று. பிறரிடம் என்ன கேட்டுப் பெறலாம் என்று எண்ணிப் புறப்படுகிறவரைவிட, பிறருக்கு நம்மிடமிருந்து என்ன கொடுக்கலாம் என்பதைத் தெரிந்துகொண்டு புறப்படுகிறவரே அதிகம் பெற்றுத் திரும்புகிறார் என்பதுதான் இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் யோசனைகள் அனைத்துக்கும் அடிப்படை.

அறிந்திருக்கவேண்டிய ஸ்தாபனங்கள்

சட்ட நூலகரின் சங்கங்களில் தேசம் கடந்த நோக்கத்தோடு பிறந்தது, 1959இல் நியூயார்க்கில் தோன்றிய சர்வதேசச் சட்ட நூல்நிலையச் சங்கம். ஆண்டுதோறும் ஒரு நாட்டில் இச்சங்கம் கூட்டும் கூட்டத்தை அதன் உறுப்பினர்கள் மகாநாடு என்று சொல்லாமல் பாடவகுப்பு என்றே வழங்குகிறார்கள். அதற்கேற்ப, எந்த நாட்டில் கூடுகிறதோ அந்த நாட்டின் நீதிபதிகளும் சட்டப் பேராசிரியர்களும் தங்கள் சட்ட முறையைப் பற்றி உபந்யாசம் செய்ய, நூலகர்கள் மாணாக்கராக அமர்ந்து கேட்கிறார்கள். 2007இல் மும்பையிலும், 2010இல் ஹேக் நகரிலும், 2011இல் கோலாலம்பூரிலும், 2019இல் சிட்னியிலும் அது கூடியது. கூட்டம் பெரிதல்லவாகையால், வந்திருப்போர் ஏறக்குறைய எல்லாரோடும் பேசிப் பழக அவகாசம் கிடைக்கிறது. முதன்முறையாக வெளிநாடு செல்லும் நம் நூலகருக்கு இதைவிட உகந்த கூட்டத்தைச் சொல்வது கடினம்.

1906இல் ஏற்பட்ட அமெரிக்கச் சட்ட நூல்நிலையச் சங்கம், 1969இல் ஏற்பட்ட பிரிட்டிஷ்-ஐரிஷ் சட்ட நூலகர் சங்கம், கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் உள்ள சங்கங்கள் ஆகியவை தத்தம் நாட்டு உறுப்பினருக்காகவே முதன்மையாக நடைபெறுகின்றனவாயினும், அயல்நாட்டாரை மனமுவந்து வரவேற்கின்றன. இவற்றுள் அமெரிக்கச் சங்கத்தின் வருடாந்தக் கூட்டம் மிகப் பெரியது. சட்டத் தரவுத்தளம் விற்கும் நிறுவனங்களின் கண்காட்சியும் அதில் விசேஷ இடம் பெறுகிறது. அத்தனை பேர் கூடும் இடத்தில் புதியவர் திசை தெரியாமல் போவது சகஜமாதலால், அங்கே செல்வோர் அயல்நாட்டுச் சட்டம், ஒப்பியல் சட்டம், சர்வதேசச் சட்டம் ஆகியவற்றுக்கென அச்சங்கத்தில் உள்ள தனிப் பிரிவினரோடு முன்கூட்டியே கடிதத் தொடர்பு கொள்வது நலம்.

1927இல் எடின்பரோவில் தோன்றி இன்று ஹேக் நகரைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள சர்வதேச நூல்நிலையச் சங்கங்களின் சம்மேளனம், எல்லா வகை நூலகருக்கும் பொதுவானது. சட்ட நூல்நிலையங்களுக்கென்று அதில் ஒரு பிரிவு உண்டு. 1992இல் அது புது தில்லியில் கூடியது. இவை தவிர, சட்டத்தைக் கட்டணமின்றி இணையத்தில் வெளியிடும் இயக்கம் ஒன்று இருக்கிறது. 1992இல் கார்னெல் சர்வகலாசாலையில் தொடங்கி, 1995இல் ஆஸ்திரேலியாவுக்கும், 2000இல் பிரிட்டனுக்கும் பரவிய இவ்வியக்கத்தார், 2002இல் மாண்ட்ரியலில் ஒரு பிரகடனம் செய்து, பொதுச் சட்டத் தகவல் மனித குலத்தின் பொதுச் சொத்து என்றும், அதை எவரும் கட்டணமின்றி அணுக உரிமை உண்டென்றும் வற்புறுத்தினர். இவர்கள் கூட்டும் மகாநாட்டில் நூலகரோடு கணினி அறிஞரும் சட்டப் பேராசிரியரும் கலந்துகொள்வதால், தீர்ப்புகளை மின்மயமாக்கும் பணியில் ஈடுபட்டுள்ள நூலகருக்கு அது மிகப் பிரயோஜனமானது.

தேர்வும் செலவும்

இத்தனை கூட்டங்களில் எதற்குச் செல்வது என்னும் கேள்விக்கு, இடத்தின் அழகைக் கொண்டோ, புகழ்பெற்றவர் பேசுகிறார் என்பதைக் கொண்டோ விடை தேடலாகாது. கடந்த ஓராண்டில் உங்கள் நூல்நிலையம் விடை காண இயலாமல் திருப்பி அனுப்பிய கேள்விகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அவற்றுள் பெரும்பாலானவை சிங்கப்பூர், மலேசியச் சட்டத்தைச் சார்ந்தவையானால், ஐரோப்பாவில் நடக்கும் கூட்டத்தைவிட ஆசியாவில் நடக்கும் கூட்டமே உங்களுக்குப் பயன்படும். மத்தியஸ்த வழக்குகளைச் சார்ந்தவையானால், 1913இல் திறக்கப்பட்ட ஹேக் சமாதான மாளிகையின் நூல்நிலையத்தாரைச் சந்திக்க வாய்ப்புள்ள கூட்டத்தை நாடுவது நியாயம்.

செலவைப் பற்றிய தயக்கம் இயற்கையே. ஆனால் சர்வதேசச் சட்ட நூல்நிலையச் சங்கமும் பிரிட்டிஷ்-ஐரிஷ் சங்கமும் உபகாரச் சம்பளங்கள் வைத்திருக்கின்றன என்பதும், அமெரிக்கச் சங்கத்தின் அயல்நாட்டுச் சட்டப் பிரிவினர் வெளிநாட்டு நூலகர் ஒருவரைத் தம் கூட்டத்துக்கு அழைத்துவர ஷாஃபர் நன்கொடை என்னும் பெயரால் உதவி செய்து வருகிறார்கள் என்பதும், அவ்வுதவி பெறுபவர் தம் நாட்டைப் பற்றி அங்கே ஓர் உரை நிகழ்த்துவது வழக்கம் என்பதும் நம்மவருள் பலர் அறியாத விஷயங்கள். இத்தகைய மனுக்களை எழுதும்போது, ‘என் அறிவை விருத்தி செய்துகொள்ள விரும்புகிறேன்’ என்ற பொது வாக்கியம் எவரையும் அசைக்காது; அதே வாக்கியத்தோடு நூறு மனுக்கள் அவர்கள் மேஜையில் கிடக்கும். எங்கள் நூல்நிலையத்தில் இன்ன ஆண்டிலிருந்து இன்ன ஆண்டுவரை இன்ன அரசிதழ்த் தொகுதி இருக்கிறது, அதன் பொருளடக்கத்தை உங்கள் உறுப்பினருக்குப் பயன்படும்படி தயாரித்துக்கொண்டு வருகிறேன் என்று எழுதுகிறவரின் மனுவைத்தான் தேர்வுக் குழுவினர் தனியே எடுத்து வைப்பார்கள். அரசுப் பணியில் உள்ளவர், அயல்நாடு செல்ல மேலிடத்து அனுமதி பெறுவதற்கும் விசாவுக்கும் ஆகும் காலத்தைக் கணக்கிட்டு, அழைப்புக் கடிதத்தை மாதக்கணக்கில் முன்னதாகவே கேட்டு வாங்கிவிடவேண்டும்.

புறப்படுவதற்கு முன்

ஆயத்தத்தில் முதலாவது, உங்கள் நூல்நிலையத்தில் மட்டுமே எளிதில் கிடைக்கக்கூடியது எது என்று தீர்மானிப்பது. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை உலகத்தார் இன்று இணையத்தில் படித்துவிடுகிறார்கள். 2023 முதல் உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தீர்ப்புத் திரட்டே கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆகவே அதைக் கொண்டுபோய்க் காட்டுவதில் சிறப்பில்லை. மாநிலத் திருத்தங்கள், துணை விதிகள், பழைய கெஜட்டுகள், தமிழில் மட்டுமே வெளியான அரசாணைகள், தீர்ப்பாயங்களின் உத்தரவுகள் ஆகியவைதாம் அயல்நாட்டு நூலகருக்கு எட்டாதவை. இவற்றின் பட்டியலை ஆங்கிலத்தில், இரண்டு பக்கத்துக்கு மேற்படாமல் தயாரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொகுதியும் எந்த ஆண்டில் தொடங்குகிறது, இடையில் எவை விட்டுப்போயிருக்கின்றன என்பதை ஒளிக்காமல் எழுதுங்கள். ‘முழுத் தொகுதி உண்டு’ என்று எழுதிவிட்டுப் பிற்பாடு ‘அந்த ஆண்டு மட்டும் பைண்டிங்குக்குப் போயிருக்கிறது’ என்று பதில் எழுதும் நூலகருக்கு இரண்டாவது கடிதம் வருவதில்லை.

இரண்டாவது, சந்திக்க விரும்புவோரின் பெயரைப் பங்கேற்போர் பட்டியலிலிருந்து தெரிந்தெடுத்து, மூன்று நான்கு பேருக்கு முன்கூட்டியே எழுதி வைப்பது. அவர்கள் எழுதிய கட்டுரை ஒன்றையேனும் படித்திருப்பது மரியாதை. மூன்றாவது, நீங்கள் கட்டுரை வாசிப்பதாயிருந்தால் அதைப் பற்றிய கவனம். நம் கருத்தரங்குகளில் வரவேற்புரைக்கும் பொன்னாடைக்கும் போன காலம் போக, எஞ்சியதில் பேச்சாளர் விருப்பம்போல் நீட்டிக்கொள்வதுண்டு. வெளிநாட்டு அரங்குகளிலோ கொடுத்த நிமிஷம் முடிந்ததும் தலைவர் எழுந்துவிடுவார். இந்திய நீதித்துறையின் வரலாற்றை வேத காலத்திலிருந்து ஆரம்பிப்பவர், தம் நூல்நிலையத்தை அடையுமுன் மணி அடித்துவிடும். ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு, அதை உங்கள் நூல்நிலையம் எவ்விதம் தீர்த்தது அல்லது தீர்க்க இயலாமல் நிற்கிறது என்று சொல்வதே போதும்.

அரங்கிலும் அரங்குக்கு வெளியிலும்

உபந்யாசங்கள் பிற்பாடு அச்சில் வந்துவிடக்கூடியவை. சர்வதேசச் சங்கத்தின் சட்டத் தகவல் சஞ்சிகையில் அவற்றுள் பல வெளியாகின்றன. ஆனால் தேநீர் இடைவேளையில் நடக்கும் சம்பாஷணை எங்கும் அச்சாவதில்லை. ஆகையால் நம்மூர்க்காரர் நால்வர் கண்ணில் பட்டதும் அவர்களோடு ஒரே மேஜையில் கூடி அமர்ந்து, மூன்று நாளும் தமிழில் பேசித் திரும்பும் வழக்கத்தைத் தவிர்க்கவேண்டும். புதியவரிடம் பேச்சைத் தொடங்க ஆங்கிலப் புலமை தேவையில்லை. ‘உங்களிடம் இந்தியச் சட்டத்தைப் பற்றி எவ்விதமான கேள்விகள் வருகின்றன?’ என்று கேளுங்கள்; எந்தச் சட்ட நூலகரும் அதற்கு ஆர்வத்தோடு பதில் சொல்வார். அந்தப் பதிலை அன்றிரவே குறித்து வையுங்கள். விலாசச் சீட்டுகளை வெறுமனே சேர்த்துக்கொண்டு வருவதில் பயனில்லை. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் அவர் கேட்டது என்ன, நீங்கள் வாக்களித்தது என்ன என்று ஒரு வரி எழுதி வைக்கவேண்டும்.

மகாநாட்டை ஒட்டி உள்ளூர் நூல்நிலையங்களைச் சுற்றிக் காட்டுவது வழக்கம். அங்கே கட்டடத்தையும் ஓவியங்களையும் பார்ப்பதோடு, அவர்கள் இந்தியச் சட்ட நூல்களை எங்கே, எந்த வரிசையில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சென்னையில் பணியாற்றிய ரங்கநாதன் தம் கோலன் பகுப்பு முறையில் சட்டத்துக்கு இசட் என்னும் எழுத்தை ஒதுக்கினார். லாகோஸ் சர்வகலாசாலையில் பணிபுரிந்த எலிசபெத் மாய்ஸ் 1968இல் சட்ட நூல்களுக்கென்றே ஒரு பகுப்பு முறையை வெளியிட்டார். காங்கிரஸ் நூல்நிலையத்தின் முறை வேறு. எந்த முறையில் எது எளிதில் அகப்படுகிறது என்பதை அலமாரி முன் நின்று பார்த்தறிவது, பகுப்பு அட்டவணையை வீட்டிலிருந்து படிப்பதைவிட மேலானது.

ஒரு கேள்வியும் அதன் விடையும்

ஒத்துழைப்பு எப்படி நடக்கிறது என்பதற்கு ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகக் காண்போம். வெளிநாட்டுச் சட்ட நூலகர் ஒருவர் இவ்வாறு எழுதுவதாகக் கொள்வோம்: ‘எங்கள் வழக்கறிஞர் ஒருவரின் கட்சிக்காரர், தமிழ்நாட்டில் புரோகிதரும் அக்கினியும் ஏழடியும் இன்றி விவாகம் செய்துகொண்டவர். 1955ஆம் ஆண்டு இந்து விவாகச் சட்டத்தைப் பார்த்தோம். அதில் இத்தகைய விவாகத்துக்கு இடம் காணவில்லை. அந்த விவாகம் செல்லுமா?’

அந்த நூலகர் பார்த்தது மத்தியச் சட்டத்தின் மூலம். நம் மாநிலத்தில் அச்சட்டத்தோடு 7-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டிருப்பதும், உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் வாழ்க்கைத் துணையாக ஏற்பதாக அறிவிப்பதோ, மாலையோ மோதிரமோ அணிவிப்பதோ, தாலி கட்டுவதோ சுயமரியாதை விவாகத்துக்குப் போதும் என்று அப்பிரிவு கூறுவதும், அவரிடமுள்ள பதிப்பில் இல்லை. மேலும், அத்திருத்தச் சட்டம் 1967ஆம் ஆண்டின் 21ஆவது சட்டம். மாநிலத்தின் பெயர் மாறியது 1969இல். ஆகவே அது முதலில் வெளியானபோது மதராஸ் திருத்தம் என்ற பெயரையே தாங்கியிருந்தது. தமிழ்நாடு என்று மட்டும் தேடுகிறவருக்கு மூல அரசிதழ் அகப்படாமற் போகக்கூடும் என்பதை உள்ளூர் நூலகர்தான் சொல்ல முடியும்.

அனுப்பவேண்டிய விடை இதுதான்: திருத்தச் சட்டம் வெளியான அரசிதழின் முகப்புப் பக்கத்தோடு கூடிய பிரதி, இன்று அமலில் உள்ள பிரிவின் வாசகம், அதை எந்தத் தேதியில் எங்கே பார்த்தீர்கள் என்ற குறிப்புடன், சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் வழக்கறிஞர் அலுவலகங்களில் நடந்த இத்தகைய விவாகங்களைப் பற்றிக் கூறிய கருத்தை, உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் ஏற்க மறுத்து, பகிரங்கமாக நடத்துவது அவசியமில்லை என்று தீர்ப்பளித்ததற்கான மேற்கோள். ‘அந்த விவாகம் செல்லும்’ என்று எழுதக் கூடாது. அது வழக்கறிஞரும் நீதிபதியும் சொல்லவேண்டிய அபிப்பிராயம். நூலகர் சட்டத்தின் வாசகத்தையும் அது கிடைத்த இடத்தையும் கொடுக்கிறார். அதற்கு அப்பால் ஓர் அடி வைத்தாலும் தொழில் தர்மம் தவறுகிறது.

முகப்புப் பக்கத்தை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. பிற நாட்டுச் சட்டம் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்படவேண்டிய ஒரு விஷயம். நம் 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 38ஆவது பிரிவு, அந்தந்த நாட்டு அரசின் அதிகாரத்தால் அச்சிடப்பட்ட நூலில் காணும் சட்டத்தையும், அந்நாட்டுத் தீர்ப்புத் திரட்டுகளையும் ஏற்புடைய சாட்சியமாகக் கொண்டது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டம் மின்வடிவ நூல்களையும் அதில் சேர்த்துக்கொண்டது. ஆகவே நீங்கள் பிறரிடம் கேட்கும்போதும், எந்தப் பதிப்பு, அதிகாரபூர்வமானதா, எந்தத் தேதிவரை திருத்தப்பட்டது என்ற மூன்றையும் கேட்டுப் பெறவேண்டும்.

பிரதி எடுப்பதன் எல்லை

பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்தோ ஸ்கேன் செய்தோ அனுப்பும்போது பதிப்புரிமையைப் பற்றிய அச்சம் நூலகரை வாட்டுவதுண்டு. இவ்விஷயத்தில் ஒரு சட்ட நூல்நிலையத்தின் வழக்கே நமக்கு வழிகாட்டியாயிற்று. டொராண்டோ நகரில் ஆஸ்குட் ஹால் என்னும் மாளிகையில் உள்ள வழக்கறிஞர் நூல்நிலையம், கேட்போருக்குத் தீர்ப்புகளையும் கட்டுரைகளையும் பிரதி எடுத்து அனுப்பி வந்ததை எதிர்த்துப் பதிப்பாளர்கள் தொடுத்த வழக்கில், கனடாவின் உச்ச நீதிமன்றம் 2004இல் நூல்நிலையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பில் கண்ட அளவுகோலை நம் உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் எடுத்தாண்டு, தீர்ப்பின் மூல வாசகம் யாவருக்கும் பொது என்றும், பதிப்பாசிரியர் தம் அறிவைச் செலுத்திச் சேர்த்தவற்றுக்கு உரிமை உண்டு என்றும் வகுத்தது. நடைமுறையில் இதன் சாரம்: நீதிமன்றம் வெளியிட்ட தீர்ப்பைத் தயங்காமல் அனுப்பலாம்; தனியார் சஞ்சிகையின் தலைக்குறிப்புகளோடு கூடிய பக்கத்தை அனுப்புமுன் யோசிக்கவேண்டும்; கட்டணத் தரவுத்தளத்திலிருந்து எடுத்தனுப்பும் விஷயத்தில், உங்கள் நூல்நிலையம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை முதலில் படிக்கவேண்டும். இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலை, வியாபார நோக்கமற்ற பொது நூல்நிலையம் தன் உபயோகத்துக்காக மூன்று பிரதிகளுக்கு மேற்படாமல் எடுத்துக்கொள்ள நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவு இடமளிப்பதும் நினைவில் இருக்கவேண்டியது.

நூலையே கடனாகப் பெறுவதானால், சர்வதேசச் சம்மேளனம் 1954இல் வகுத்துப் பின்னர் பலமுறை திருத்திய கடன் விதிகள் உள்ளன. நூல் கடன் கொடுத்தவர் கையை விட்டுப் புறப்பட்டதிலிருந்து திரும்பப் போய்ச் சேரும்வரை கேட்டுப் பெற்ற நூல்நிலையமே பொறுப்பு என்பது அவற்றின் சாரம். அந்நியச் செலாவணித் தொல்லையைத் தவிர்க்கும்பொருட்டு அச்சம்மேளனம் 1995 முதல் பிளாஸ்டிக் சீட்டு முறை ஒன்றை நடத்தி வந்தது. ஒரு நூல்நிலையம் தான் கடன் கொடுத்துப் பெற்ற சீட்டையே, தான் கடன் கேட்கும்போது மற்றொன்றுக்குக் கொடுத்துவிட அதில் வழியிருந்தது.

திரும்பி வந்த பிறகு

ஊர் திரும்பிய முதல் வாரத்தில், விலாசச் சீட்டுகளின் பின்புறத்தில் குறித்த வாக்குறுதிகளை நிறைவேற்றிவிடுங்கள்; பின்னர் வரும் வேலைகளுக்கிடையே அவை மறந்துபோகும். அடுத்தபடியாக ஒரு பதிவேடு தொடங்குங்கள். கல்யாண வீட்டில் மொய் எழுதும் நோட்டைப் போல, எந்த நூல்நிலையத்திலிருந்து என்ன வந்தது, நம்மிடமிருந்து எங்கே என்ன போயிற்று என்பது தேதியோடு அதில் இருக்கட்டும். நீங்கள் பணியிடம் மாறிச் சென்றாலும், உங்களுக்குப் பின் வருகிறவர் அந்த உறவைத் தொடர அதுவே ஆதாரம்.

அனுப்பும் விடைகளில் இணைய முகவரியை மட்டும் எழுதி விட்டுவிடாதீர்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புகளில் மேற்கோளாகக் காட்டிய இணைய முகவரிகளில் ஏறக்குறைய பாதி, உரிய மூலத்தைக் காட்டாமற் போய்விட்டன என்று ஹார்வர்டு ஆராய்ச்சியாளர் 2013இல் கண்டனர். அதே ஆண்டில் ஹார்வர்டு சட்ட நூல்நிலையம், மேற்கோள் பக்கங்களை நிலையாகப் பாதுகாக்க பெர்மா என்னும் ஏற்பாட்டைப் பிற நூல்நிலையங்களோடு சேர்ந்து தொடங்கியது. நம் அரசு இணையதளங்களும் அடிக்கடி மாற்றியமைக்கப்படுகின்றவையாதலால், முகவரியோடு பக்கத்தின் பிரதியையும் வைத்துக்கொள்வது நமக்கும் அவசியம்.

இறுதியாக, மேலதிகாரிக்கு எழுதும் அறிக்கை. எந்த ஹோட்டலில் தங்கினோம், யார் தலைமை வகித்தார் என்பதை எழுதிப் பக்கம் நிரப்புவதைவிட, போவதற்கு முன் எழுதிய விடையில்லாக் கேள்விகளின் பட்டியலை மறுபடியும் எடுத்து, அவற்றுள் எவற்றுக்கு இப்போது வழி பிறந்திருக்கிறது, எவரிடம் கேட்டால் கிடைக்கும், இன்னும் எவை எஞ்சியிருக்கின்றன என்று எழுதுங்கள். ஓராண்டு கழித்துப் பதிவேட்டில் வந்ததும் போனதுமான கணக்கைக் கூட்டி, அதையும் அந்த அறிக்கையோடு சேர்த்து வையுங்கள். உங்கள் உதவி நூலகரை அடுத்த மகாநாட்டுக்கு அனுப்பும்படி கேட்கும் நாளில், அந்த இரண்டு தாள்களைவிட வலுவான சிபாரிசு வேறு கிடைக்காது.